அடைப்பு எங்கே தொடங்குகிறது?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் கொருக்குப்பேட்டையில் எங்கள் மாணவர் பலரின் வீடுகளில் நீர் புகுந்தது. "குப்பை போட்டதால்தான்" என்றனர் ஏழாம் வகுப்பினர். சோதித்துப் பார்த்தோம்.

நீளவாக்கில் பிளந்த பிவிசி குழாயைச் சற்றே சாய்த்து, மணல் கலந்த நீரை ஊற்றினோம். மணலும் சேர்ந்தே ஓடியது. நடுவே பிளாஸ்டிக் பையைச் செருகியதும் மணல் அதன் பின்னே மேடாகி, நீர் வழிந்தது. பிறகு பையை எடுத்துவிட்டு, குழாயின் கடைமுனையை நீர் நிறைந்த தொட்டியில் அமிழ்த்தினோம் (இந்தப் படியைத் தவறவிடாதீர்கள்). பை இல்லாமலே நீர் தேங்கியது. வேகம் குறைந்த இடத்தில் மணல் படிந்தது.

நம் பகுதியின் கேப்டன் காட்டன் கால்வாய் பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. அங்கே நீர் நிரம்பி நின்றால் தெரு வடிகாலுக்கும் இதே கதிதான் என்றேன்.

"அப்போ எங்க தெருக்காரங்க மேல மட்டும் தப்பில்லையே டீச்சர்?" என்றாள் ஒரு மாணவி.

மறுநாள் கால்வாய்க் கரைக்குக் கிளம்பினோம்.