எண்ணும் எழுத்தும்: விரிதாளில் ரூபாய்த் தொகையைச் சொல்லாக்கும் முறை

காசோலையிலும் செலவுச் சீட்டிலும் தொகையை எண்ணால் எழுதுவதோடு எழுத்தாலும் எழுதுதல் நெடுநாளைய வழக்கம். எண்ணின் பின்னே ஒரு பூஜ்யத்தைச் சேர்த்தல் எளிது. எழுத்தைத் திருத்துதல் அரிது. காசோலையில் எண்ணும் எழுத்தும் மாறுபடுமாயின், எழுத்தில் கண்ட தொகையே கொள்ளத்தக்கது என 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு கூறுகிறது. நடைமுறையில், அத்தகைய காசோலையை வங்கிகள் திருப்பி அனுப்பிவிடுவதும் உண்டு.

இன்று ஊராட்சிகளிலும் மகளிர் குழுக்களிலும் கணினி விரிதாளில் கணக்கு எழுதப்பட்டு வருகிறது. எக்செல் விரிதாளில் தாய்லாந்து நாணயத் தொகையைச் சொல்லாக்கும் ‘பாட்டெக்ஸ்ட்’ என்னும் சூத்திரம் ஆயத்தமாகவே உள்ளது. ரூபாய்க்கு அவ்வாறு இல்லை. நாமே அமைத்துக்கொள்ள வேண்டும்.

வழி எளியதே. 3,07,450 என்ற தொகையை எடுத்துக்கொள்வோம். அதை 1,00,000-ஆல் வகுக்க, ஈவு 3, மீதி 7,450. மீதியை 1,000-ஆல் வகுக்க, ஈவு 7, மீதி 450. அதை 100-ஆல் வகுக்க, ஈவு 4, மீதி 50. ஈவின் முழு எண்ணை ‘இன்ட்’ என்ற சூத்திரமும், மீதியை ‘மாட்’ என்ற சூத்திரமும் தரும். கோடியைத் தாண்டும் தொகையை முதலில் 1,00,00,000-ஆல் வகுக்க வேண்டும். பைசா இருப்பின், ‘ரவுண்ட்’ சூத்திரத்தால் இரண்டு தசம இடங்களுக்குச் சீராக்கி, அதைத் தனியே பிரித்துக்கொள்க.

அடுத்து, வேறொரு தாளில் சொற்பட்டியல் அமைத்தல் வேண்டும். இங்கேதான் தமிழின் இயல்பைக் கருத வேண்டும். பின்னால் எண் தொடராதபோது ‘ஏழாயிரம்’, தொடரும்போது ‘ஏழாயிரத்து’. அவ்வாறே ‘நானூறு’, ‘நானூற்று’. ‘மூன்று லட்சம்’, ‘மூன்று லட்சத்து’. ஆகவே நூறு, ஆயிரம், லட்சம் ஆகிய ஒவ்வோர் இடத்திற்கும் இரு வடிவங்களையும் அடுத்தடுத்த பத்திகளில் எழுதுக. மீதி பூஜ்யமா என்பதை ‘இஃப்’ சூத்திரம் பார்க்கும்; உரிய சொல்லை ‘இன்டெக்ஸ்’ எடுத்துத் தரும். இவற்றை இணைத்தால், ‘ரூபாய் மூன்று லட்சத்து ஏழாயிரத்து நானூற்று ஐம்பது மட்டும்’ என வரும். 90, 900, 9,000, 1,00,001 ஆகிய தொகைகளை இட்டுச் சோதித்த பின்னரே பயன்படுத்துக.

ஓர் எச்சரிக்கை. கையால் எழுதுபவர் பட்டியலைப் பார்த்து எண்ணை ஒரு முறையும், எழுத்தை மறுமுறையும் எழுதினார். ஒன்று மற்றொன்றிற்குச் சாட்சியாயிற்று. சூத்திரமோ எண்ணையே பார்த்து எழுத்தைத் தருகிறது. 7,450-க்குப் பதிலாக 74,500 எனப் பதிந்துவிட்டால், ‘எழுபத்து நான்காயிரத்து ஐந்நூறு’ என்று பிழையின்றி எழுதிவிடும்! ஆகையால், அச்சிட்ட எழுத்துத் தொகையை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றொருவர் மூலப் பட்டியலோடு ஒப்பிட்ட பின்னரே கையொப்பம் இடுதல் வேண்டும். எழுதும் உழைப்பைக் கணினி குறைக்கலாம். பொதுப் பணத்தைக் காக்கும் பொறுப்பு நம்முடையதே.