17 இன்ச் ஆசையும் ஒரு பில்லும்: ரோட்டுக்கும் டிராக்குக்கும் டயர் சைஸ் பார்ப்பது எப்படி?



ஹாஸ்டல்ல கார் பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் கடைசியில ஒரே இடத்துலதான் வந்து நிக்கும். "மச்சான், 17 இன்ச் அலாய் போட்டா வண்டி வேற லெவல்டா." நானும் அப்படிச் சொன்ன ஆள்தான். சொன்னதோட நிக்காம எங்க அண்ணனோட ஸ்விஃப்ட்ல போட்டும் பார்த்தேன். ரெண்டாவது மாசம், மழைத்தண்ணி தேங்கி நின்ன ஒரு பள்ளத்துல இறங்கி முன்பக்க இடது ரிம் வளைஞ்சது, டயரோட பக்கச்சுவரும் வெடிச்சது. அண்ணன் திட்டல. பில்லை மட்டும் என் கையில கொடுத்துட்டுப் போயிட்டார். அந்த பில்லுக்கு அப்புறம் உட்கார்ந்து படிச்சதைத்தான் இங்க எழுதறேன்.

முதல்ல டயர் மேல இருக்கிற எழுத்து. 185/65 ஆர்15 88எச்னு ஒரு டயர்ல போட்டிருக்குன்னு வைங்க. 185 என்பது டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. 65 என்பது மில்லிமீட்டர் இல்லை, சதவீதம். அகலத்துல 65 சதவீதம்தான் பக்கச்சுவரோட உயரம், அதாவது சுமார் 120 மி.மீ. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மோட விட்டம், இன்ச்ல. ஒரே பேர்ல மி.மீ., சதவீதம், இன்ச் மூணையும் கலந்து வச்ச புண்ணியவான் யாரோ!

இப்ப மொத்த விட்டத்தைப் போடுங்க. 15 இன்ச் என்பது 381 மி.மீ. மேலயும் கீழயும் ரெண்டு பக்கச்சுவர் 240.5. மொத்தம் 621.5 மி.மீ. இந்த எண்தான் எல்லாத்துக்கும் அடிப்படை. ஸ்விஃப்ட்டையே பாருங்க. கீழ் வேரியன்ட்டுக்கு 165/80 ஆர்14, மேல் வேரியன்ட்டுக்கு 185/65 ஆர்15. பார்க்க ரெண்டும் சம்பந்தமே இல்லாத சைஸ் மாதிரி இருக்கும். கணக்குப் போட்டா முதல் டயர் 619.6 மி.மீ., அடுத்தது 621.5. வித்தியாசம் ரெண்டே மில்லிமீட்டர். ரிம் மாறினாலும் மொத்த விட்டம் மாறாம பார்த்திருக்காங்க. ஏன்னா ஸ்பீடோமீட்டர், ஏபிஎஸ், கியர் விகிதம், ஃபெண்டர் இடைவெளி எல்லாமே அந்த விட்டத்தை நம்பித்தான் இருக்கு.

அதனால எந்த சைஸ் மனசுல இருந்தாலும் முதல்ல இந்தக் கணக்கு. 195/55 ஆர்16 போட்டா 620.9, அச்சு அசல் பொருத்தம். 205/45 ஆர்17 போட்டா 616.3, ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம், பரவாயில்லை. "ரிம் அதேதான் தம்பி, டயரை மட்டும் அகலமாக்கிடலாம்"னு ஒருத்தர் 205/65 ஆர்15 நீட்டினா? 647.5. நாலு சதவீதத்துக்கு மேல பெரிசு. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி முன்ன விட மூணு கிலோமீட்டர் வேகம் கூடுதலா போகும், ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சா ஃபெண்டர் லைனர்ல உரசவும் வாய்ப்பு இருக்கு. ரெண்டு சதவீதத்துக்குள்ள நிக்கிறது நல்லது, மூணு தாண்டவே வேண்டாம்.

விட்டம் சரியா வந்துடுச்சு, அப்ப 17 போட்டா என்ன தப்பு? நானும் அங்கதான் மாட்டினேன். விட்டம் மாறாம ரிம் பெரிசானா, குறையறது பக்கச்சுவர். 120 மி.மீ. இருந்த இடத்துல 92 ஆச்சு. நம்ம ரோட்டுப் பள்ளத்தோட முனை முதல்ல மோதறது அந்தக் காத்து மெத்தையிலதான். மெத்தை நசுங்கி முடிஞ்சா அடுத்து அடி வாங்கறது ரிம். போன 28 மி.மீ.தான் அண்ணன் கையில இருந்த பில்.

இன்னொண்ணு எடை. பெரிய ரிம், அதுவும் விலை குறைஞ்ச வார்ப்பு அலாய்னா, பெரும்பாலும் கனம் கூட. சக்கரத்தோட எடை ஸ்பிரிங்குக்குக் கீழ இருக்கிறதால மேடு பள்ளத்துல டயர் ரோட்டை விட்டு எழும்பினா திரும்ப வந்து ஒட்ட நேரம் எடுக்கும். அதோட அது சுத்தற எடை. மெக்கானிக்ஸ் பேப்பர்ல வர்ற உருளும் சக்கரத்தை ஞாபகப்படுத்திக்கோங்க: விளிம்புல இருக்கிற ஒரு கிலோ, வேகம் எடுக்கும்போது கிட்டத்தட்ட ரெண்டு கிலோவுக்குச் சமம். ரிம் பெரிசாக ஆக உலோகம் விளிம்பு நோக்கிப் போகுது. 17 போட்ட அன்னிக்கு வண்டி மந்தமா இருக்கேன்னு எனக்கே தோணுச்சு. காசு செலவு பண்ணிட்டோமேன்னு வெளிய சொல்லல.

"அகலம் கூடினா ரோட்டுல ஒட்டற ரப்பர் கூடும்ல?" இதை எல்லாரும் கேட்பாங்க. முழுசா உண்மை இல்லை. முன் டயர் ஒண்ணுல 300 கிலோ பாரம், காத்து 32 பிஎஸ்ஐ. பாரத்தை அழுத்தத்தால வகுங்க, சுமார் 133 சதுர சென்டிமீட்டர் வரும். தரையில ஒட்டற இடம் கிட்டத்தட்ட அவ்வளவுதான், உள்ளங்கை அளவு. அதே காத்துல டயரை அகலமாக்கினா பரப்பு பெரிசா மாறாது, வடிவம் மாறும்: நீளம் குறைஞ்சு அகலம் கூடும். அதனால வளைவுல ஸ்டீயரிங்குக்குச் சட்டுனு பதில் வரும், ரப்பர் கூட இருக்கிறதால சூடும் பரவும். இது டிராக்ல லாபம். மழை ரோட்டுல அதே அகலம் கூடுதல் தண்ணியை ஒதுக்கணும், மிதக்க ஆரம்பிக்கும் வேகம் குறையும். நவம்பர்ல சென்னையில ஓட்டற ஆளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

உண்மையில பிடிப்பைத் தர்றது அகலத்தை விட ரப்பர் கலவை. டயர் பக்கத்துல ட்ரெட்வேர்னு ஒரு எண் இருந்தா பாருங்க. 500 பக்கம் இருந்தா நீண்ட நாள் உழைக்கிற கெட்டி ரப்பர். 200 பக்கம் இருந்தா டிராக் பிரியர்கள் தேடற மெத்து ரப்பர், சீக்கிரம் தேயும். அந்த எண்ணை அந்தந்தக் கம்பெனியேதான் போடுது, அதனால ஒரு பிராண்டோட 300ஐ இன்னொண்ணோட 300கூட ஒப்பிட்டுச் சண்டை போடாதீங்க.

வாங்கறதுக்கு முன்னாடி இன்னும் சில எண்கள். 88 என்பது பாரக் குறியீடு, ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 205/45 ஆர்17 சாதாரண வகையில 84 தான், அதாவது 500 கிலோ. கம்பெனி கொடுத்ததை விடக் குறையாம எடுங்க, எக்ஸ்எல்னு போட்ட வகையில 88 கிடைக்கும். எச் என்றால் 210 கி.மீ. வேகம் வரை. போல்ட் வட்டம் பொருந்தணும், நடு ஓட்டை பெரிசா இருந்தா ஹப் ரிங் போடணும். ரிம் அகலமும் டயருக்கு ஏத்ததா இருக்கணும்: 195/55 ஆர்16க்கு 5.5 முதல் 7 இன்ச் வரை. ஆஃப்செட்டை மட்டும் கடைக்காரர் வாய்வார்த்தையில விடாதீங்க. 5.5 இன்ச், ஆஃப்செட் 45 ரிம்மை எடுத்துட்டு 7 இன்ச், ஆஃப்செட் 38 போட்டா வெளி விளிம்பு 26 மி.மீ. வெளிய வரும், உள் விளிம்பு 12 மி.மீ. உள்ள போகும். பேப்பர்ல வரைஞ்சு பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை.

இப்ப டிராக். இருங்காட்டுக்கோட்டையில முதல் தடவை ஓட்டினப்ப நான் கத்துக்கிட்டது சைஸ் இல்லை, காத்து. காலையில 30 பிஎஸ்ஐ வச்சுட்டு இறங்கினேன். டயருக்குள்ள காத்து 30 டிகிரியில இருந்து 80 டிகிரிக்குப் போனா என்ன ஆகும்? பதினொண்ணாம் வகுப்பு வாயு விதி. வளிமண்டல அழுத்தம் 14.7ஐயும் சேர்த்துக் கணக்குப் போட்டா 37 தாண்டும். டயர் உப்பி, பிடிப்பு குறைஞ்சு, வண்டி வழுக்க ஆரம்பிச்சது. பக்கத்துல இருந்த ஒரு அண்ணா சொல்லி, சூட்டோட 32க்கு இறக்கினேன். அருமையா ஓடுச்சு. சாயங்காலம் அப்படியே நெடுஞ்சாலையில ஏறி வீட்டுக்குக் கிளம்பிட்டேன். டயர் ஆறினா அந்த 32 எவ்வளவு ஆகும்னு நான் யோசிக்கவே இல்லை. 25. நாலு பேர், பின்னாடி பைகள், 100 கி.மீ. வேகம், 25 பிஎஸ்ஐ. குறைஞ்ச காத்துல பக்கச்சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி மடங்கி சூடாகும், டயர் வெடிக்கறது அப்படித்தான். வழியில டீ குடிக்க நிறுத்தினப்ப பின்னாடி உட்கார்ந்திருந்த நண்பன்தான் "என்னடா டயர் இப்படிப் படுத்திருக்கு"ன்னான். கைப் பம்பு டிக்கியிலயேதான் இருந்துச்சு.

"அப்ப ஃபார்முலா ஒன்ல மட்டும் ஏன் 18 இன்ச்?"னு ஜூனியர் ஒருத்தன் மடக்கினான். 2021 வரைக்கும் அங்கயும் 13 இன்ச்தான் இருந்துச்சு. ரோட்டுக் கார்களோட போக்குக்கு நெருக்கமா இருக்கணும்கிறதும் மாத்தினதுக்கு ஒரு காரணம், மாத்தினப்ப எடையும் கூடுச்சு. கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேல ஃபார்முலா பாரத் நடக்கும்போது பிட் பக்கம் ஒரு சுத்து நடங்க. 10 இன்ச், 13 இன்ச் சக்கரங்கள்தான் வரிசையா நிக்கும். அழகுக்கு மார்க் கிடையாது, கிராமுக்கு உண்டு. ரிம் எவ்வளவு சின்னதா போகலாம்கிறதை பெரும்பாலும் பிரேக் காலிப்பர்தான் தீர்மானிக்கும். உங்க காருக்கும் அதே நியாயம்தான்.

என்கிட்ட கேட்டா, தினமும் ஓட்டி வருஷத்துக்கு ரெண்டு தடவை டிராக் போற ஆளுக்கு, கம்பெனி கொடுத்த 15 இன்ச்லயே எடை குறைஞ்ச ரிம், 300 பக்கம் ட்ரெட்வேர் உள்ள நல்ல டயர் போதும். ரொம்பவே ஆசைன்னா 195/55 ஆர்16, அதுக்கு மேல வேண்டாம். மாசாமாசம் டிராக் போறீங்கன்னா 15 இன்ச்லயே இன்னொரு செட் ரிம் வாங்கி மெத்து ரப்பரை அதுல போட்டு வைங்க. அதை மழையில ரோட்டுக்குக் கொண்டு வராதீங்க. பழைய டயர் மலிவா கிடைச்சா பக்கத்துல நாலு இலக்கத்தைத் தேடுங்க: 2319னு இருந்தா 2019ல 23ஆவது வாரம் செஞ்சது. ட்ரெட் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அந்த வயசு டயரை நான் டிராக்ல ஓட்ட மாட்டேன்.

அந்த 17 இன்ச் ரிம்ல மிச்சம் மூணு எங்க வீட்டு மொட்டை மாடியில இருக்கு. அம்மா ஒண்ணு மேல துளசித் தொட்டி வச்சிருக்காங்க.