இரண்டாம் நாள் மாலை

அன்புள்ள தம்பிக்கு,

மதுரை ஜங்ஷனிலிருந்து சண்டிகருக்கு நேரடி ரயில் ஒன்று உண்டு. ஏறி உட்கார்ந்தால் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் பயணம். வீட்டில் கட்டிக் கொடுத்த புளியோதரை முதல் நாளோடு தீர்ந்துவிடும். நாக்பூரைத் தாண்டினால் சப்பாத்திதான். அந்த ரயிலில், நீளமான பை ஒன்றை பெர்த்தில் படுக்க வைத்துவிட்டு, தான் கால் மடக்கி ஓரமாகத் தூங்கிப் போகிற இளைஞன் கோல்ஃப் ஆடப் போகிறவனாக இருக்கலாம். பையில் 14 மட்டைகள் இருக்கும். பதினைந்தாவது ஒன்றைத் தெரியாமல் எடுத்துச் சென்றாலும் விதிப்படி தண்டனை உண்டு.

ஊரில் கோல்ஃப் என்றால் தொலைக்காட்சி கோல்ஃப்தான். பச்சைப் புல்வெளி, டைகர் வுட்ஸ், கோடிக்கணக்கில் டாலர். இந்தக் கடிதம் பேசுவது 2006-ல் தொடங்கிய பிஜிடிஐ என்ற இந்தியத் தொழில்முறைச் சுற்றைப் பற்றி. ஒரு வாரம் சண்டிகர் என்றால் இன்னொரு வாரம் கொல்கத்தா, பிறகு அகமதாபாத், பெங்களூரு, ஜாம்ஷெட்பூர். அந்தப் பட்டியலில் மதுரை இல்லை. சொந்த ஊரில் ஆடிவிட்டு வீட்டில் வந்து சாப்பிடும் வாரம் மதுரைப் பையனுக்கு வராது. ஆண்டு முழுக்க வெளியூர்.

முதலில் கணக்கு. நுழைவுக் கட்டணம், பயணம், அறை, சாப்பாடு, பையைச் சுமந்து கூடவே நடக்கும் கேடிக்கு வாரக் கூலி. முதல் பந்தை அடிப்பதற்கு முன்பே இவ்வளவும் கையை விட்டுப் போயிருக்கும். உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்கு 15 கிலோ; கோல்ஃப் பை ஒன்றே அதை விழுங்கிவிடும், துணிமணிக்குத் தனிக் காசு. களத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறங்குவார்கள். இரண்டு நாள், 36 குழி முடிந்ததும் முதல் 50 இடத்தில் இருப்பவர்களும், ஐம்பதாவது இடத்தில் சமமாக நிற்பவர்களும் மட்டும் மிச்ச இரண்டு நாளுக்குப் போவார்கள். இதற்குப் பெயர் ‘கட்’. அதைத் தாண்டாதவருக்குப் பரிசுப் பணத்தில் ஒரு ரூபாய் கிடையாது.

தாண்டியவருக்கு? ஒரு கோடி ரூபாய்ப் போட்டியில் வென்றவருக்கு 15 லட்சம். மீதி 85 லட்சத்தை 49 பேருக்குச் சமமாகப் பிரித்தால் தலைக்கு ஒன்றேமுக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். சமமாகப் பிரிப்பதில்லை. மேலே இருப்பவர்களுக்கு அள்ளி, கீழே இருப்பவர்களுக்குக் கிள்ளி.

இப்படிப்பட்ட பிழைப்பை மதுரை வெகு காலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது, தம்பி. ஸ்பெஷல் நாடக நடிகர்களின் பிழைப்பு அது. அங்கே கம்பெனி கிடையாது, மாதச் சம்பளம் கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து. பபூனும் ஆர்மோனியக்காரரும் வேறெங்கிருந்தோ. மேலூர்ப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்துத் திருவிழா மேடையில்தான் அன்றிரவு சந்திப்பார்கள். 1922-ல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் நாடகம் தானாக நடக்கும். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை ஆடிவிட்டு, அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடிப்பார்கள். அடுத்த இரவு வேறு ஊர்.

அந்த நடிகரின் டைரியைப் பார்க்க வேண்டும். எந்தத் தேதி எந்த ஊர், எவ்வளவு கூலி, எவ்வளவு முன்பணம் எல்லாம் அதில் இருக்கும். திருவிழாக் காலத்தில் சம்பாதித்ததை வைத்து மழை மாதங்களைத் தள்ள வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தன் பெட்டியை அடுத்தவர் கையில் கொடுக்கமாட்டார். பஸ் ஜன்னலில் தலை சாய்த்த அடுத்த நிமிடம் தூங்கத் தெரியும். டைரி, பெட்டி, தூக்கம் மூன்றும் கோல்ஃப் ஆட்டக்காரருக்கும் வேண்டும். மூன்றையும் எந்தப் பயிற்சியாளரும் சொல்லித்தருவதில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. நடிகருக்கு மேடை ஏறினால் கூலி. கோல்ஃப் ஆட்டக்காரர் மேடை ஏறுவதற்கே கட்டணம் கட்டுகிறார்.

அதனால்தான் இரண்டாம் நாள் மாலை அவருக்கு மற்ற எந்த மாலையையும் போல இருப்பதில்லை. நான்கு மணிக்கே ஆட்டத்தை முடித்தவர், கட் எந்த எண்ணிக்கையில் விழும் என்று கைபேசியைப் பார்த்தபடி கிளப் வாசலில் நிற்பார். பின்னால் ஆடி வரும் யாரோ ஒருவர் கடைசிக் குழியில் மூன்றடி தூரத்திலிருந்து பந்தை உருட்டிப் போடத் தவறினால் இவர் உள்ளே. அவர் போட்டுவிட்டால் இவர் வெளியே. ஓர் அடியில் வெளியேறியவர், இரண்டு நாளில் தான் அடித்த நூற்று நாற்பத்துச் சொச்சம் அடிகளையும் அன்றிரவு படுக்கையில் ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்துப் பார்ப்பார். எது அந்த ஓர் அடி என்று தெரியாது. எல்லாமே அதுவாகத் தோன்றும்.

அந்த இரவைப் பலமுறை கடந்து வந்தவர்கள்தான் பிறகு பெயர் வாங்கினார்கள். மத்தியப் பிரதேசத்து மோவ் என்ற சிறு நகரின் முகேஷ் குமார் நூற்றுக்கும் மேற்பட்ட உள்நாட்டுப் பட்டங்களை வென்றவர். ஆசியச் சுற்றில் அவருடைய முதல் வெற்றி 2016 டிசம்பரில், டெல்லி கோல்ஃப் கிளப்பில் நடந்த பானசோனிக் ஓபனில் வந்தது. அப்போது அவருக்கு வயது 51. அதே மோவிலிருந்து வந்த ஓம் பிரகாஷ் சௌகான் 2023-ல் பிஜிடிஐ தரவரிசையில் முதலிடம் பிடித்தார். பெங்களூருவில் கேடியாகப் பை சுமந்த முனியப்பா 2009-ல் இந்தியன் ஓபனை வென்றார். அவருக்கு முன்பு டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-லும் 1993-லும் அதே கோப்பையை எடுத்தார். 1964-ல் தொடங்கிய அந்தப் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர்தான். அமெரிக்காவின் பென் ஹோகன் 1930-ல் தொழில்முறைக்கு வந்து, கையிருப்பு தீர்ந்து ஒன்றுக்கு மேற்பட்ட தடவை ஊர் திரும்பியவர். பெரிய சுற்றில் தனியாக ஒரு பட்டம் வெல்ல அவருக்கு 1940 வரை ஆனது.

இனி மைதானத்துக்குள் சில விஷயங்கள். மதுரைக்காரர் ஆடிப் பழக ஏறும் மலை கொடைக்கானல். அங்கே 1895 முதல் கோல்ஃப் கிளப் இருக்கிறது. ஆனால் அந்த மலை சுமார் 2,100 மீட்டர் உயரம். காற்று லேசு, பந்து கூடுதலாகப் பறக்கும். அங்கே ஏழாம் எண் மட்டைக்கு எழுதிவைத்த தூரத்தை நம்பிச் சமவெளியில் அடித்தால் பந்து முன்னாலிருக்கும் மணல் குழியில் போய் விழும். ஜனவரிக் குளிரில் சண்டிகரில் ஆடும்போது தூரம் இன்னும் குறையும். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தூரப் பட்டியலைப் புதிதாக எழுதிக்கொள்வதுதான் பயிற்சி ஆட்டத்தின் முக்கிய வேலை.

அடுத்தது ஸ்கோர் கார்டு. கோல்ஃபில் ஆட்டக்காரரின் எண்ணிக்கையை உடன் ஆடுபவர் எழுதுவார். சரிபார்த்துக் கையெழுத்திடுவது ஆட்டக்காரரின் பொறுப்பு. 1968 மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ பதினேழாம் குழியை மூன்று அடியில் முடித்தார். அட்டையில் நான்கு என்று இருந்தது. பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். ஓர் அடி கூடுதலாக எழுதிய அந்தக் கணக்கே நின்றது. பட்டத்துக்காக மறுநாள் மோதும் வாய்ப்பு அந்த ஓர் அடியில் போனது. அன்று அவருக்குப் பிறந்தநாளும்கூட. களைத்துப்போன மாலையில், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு பதினெட்டு எண்களையும் விரல் வைத்துப் படிக்க இரண்டு நிமிடம் போதும்.

துணை வேண்டும். இலங்கையின் என். தங்கராஜா, மிதுன் பெரேரா, அனுர ரோகன போன்றவர்கள் கடல் தாண்டி வந்து இந்தச் சுற்றில் ஆடிப் பட்டங்களும் வென்றிருக்கிறார்கள். ஓர் அறையை இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொள்வது இங்கே சகஜம். காசும் மிச்சம், பேச்சுத் துணையும் உண்டு. பேச்சு என்றால் பெரும்பாலும் இந்தி. வடக்கே கேடி சொல்வது புரியாவிட்டால் புல்லின் சரிவும் புரியாது. ரயிலில் கழியும் ஐம்பது மணி நேரத்தை இந்தி கற்கச் செலவிடலாம்.

வீட்டில் கேள்வி வரும். “விளையாடினது போதும், வேலைக்கு எப்போ போகப்போற?” என்று தீபாவளிக்கு வந்த சித்தப்பா கேட்பார். கோபப்பட வேண்டியதில்லை, அவர் கேட்பது நியாயம்தான். இரண்டு ஆண்டு, இவ்வளவு ரூபாய், இத்தனை போட்டி என்று ஒரு நோட்டில் எழுதி அப்பாவிடம் காட்டிவிட்டுப் புறப்படுவது நல்லது. போட்டி இல்லாத மாதங்களில் சென்னையிலோ கோவையிலோ குழந்தைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிப்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

கடைசியாக, திரும்பி வரும் டிக்கெட். நான்காம் நாள் இரவுக்கு மட்டும் எடுத்துவைத்து, ‘கட்’டைத் தாண்டாமல் வெளியேறினால் இரண்டு நாள் அறை வாடகை வீண். இரண்டாம் நாள் இரவுக்கு மட்டும் எடுத்துவைத்தால், கடைசி ஆறு குழிகளில் ரயில் நேரம்தான் மனதில் ஓடும். ஸ்லீப்பர் வகுப்பில் இரண்டு இரவுக்கும் பதிவு செய்துகொள், தம்பி. இரண்டாம் நாள் மாலை பட்டியல் வெளியானதும் ஒன்றை விட்டுவிடு. அதில் போன காசை அந்த நோட்டில், கேடி கூலிக்குக் கீழே எழுதிவிடு.

அன்புடன்,
ஊரிலிருந்து ஓர் அண்ணன்