கம்பி தொய்யக் கூடாது: குட்டி இரட்டை இறக்கை விமானத்துக்கு அக்காவின் டிப்ஸ்

முதலில் அந்த பிளேடைக் கீழே வை. பால்சா மரம் எங்கேயும் ஓடிப்போகாது. பத்து நிமிஷம் நான் சொல்வதைக் கேட்டுவிட்டு வெட்ட ஆரம்பி. அவசரத்தில் வெட்டி, ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்தில் மூக்கு உடைந்து திரும்பிய தம்பி தங்கைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

நீ கட்டப்போவது கன்ட்ரோல் லைன் விமானம், இதில் ரிமோட் கிடையாது. நீ வட்டத்தின் நடுவில் நிற்பாய். கையில் ஒரு கைப்பிடி, அதிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள், மறுமுனையில் விமானம். அது உன்னை இடஞ்சுழியாகச் சுற்றும். கையை மேலே தூக்கினால் ஏறும், தாழ்த்தினால் இறங்கும். இந்த முறையை 1940-களில் பரப்பியவர் அமெரிக்காவின் போர்ட்லேண்டைச் சேர்ந்த ஜிம் வாக்கர். இரண்டு கையிலும் ஒவ்வொன்று, தலையில் மாட்டிய பிடியில் இன்னொன்று என்று ஒரே நேரத்தில் மூன்று விமானம் பறக்கவிட்டுக் காட்டியவர் அவர். நீ ஒன்றைத்தான் பறக்கவிடப் போகிறாய், பயப்படாதே. நம் ஊரில் என்.சி.சி. ஏர் விங்கில் இருந்தவர்கள் பக்கத்தில் யாராவது இருந்தால் போய்க் கேள். இந்தக் கம்பி வித்தை அவர்களுக்குக் கைவந்தது.

ஒன்றை மட்டும் மனதில் எழுதி வைத்துக்கொள். கம்பி விறைப்பாக இருக்கும் வரைதான் விமானம் உன் பேச்சைக் கேட்கும். கீழே நான் சொல்வது எல்லாமே அந்த விறைப்பைக் காப்பாற்றத்தான்.

1. அளவை முதலில் முடிவு பண்ணு

இறக்கை நீளம் 50 செ.மீ., அகலம் 10 செ.மீ., மேலே ஒன்று கீழே ஒன்று. 049 என்று சொல்கிற 0.8 சிசி என்ஜின், 9 மீட்டர் கம்பி. மொத்த எடை 220 கிராம், போனால் போகிறது 250. அதைத் தாண்டாதே.

ஏன் இவ்வளவு கறார்? கணக்கைப் பார். 9 மீட்டர் கம்பியில் 5 விநாடிக்கு ஒரு சுற்று வந்தால் வேகம் மணிக்குச் சுமார் 40 கி.மீ. அப்போது 220 கிராம் விமானம் உன் கையை 300 கிராம் சொச்சம் கனத்தில் இழுக்கும். அதே விமானம் 7 விநாடிக்கு ஒரு சுற்று என்று மந்தமானால் இழுவை பாதியாகிவிடும். இரட்டை இறக்கை ஏற்கெனவே காற்றில் அதிகம் தடைபடும் ஜாதி. இரண்டு இறக்கை, நடுவில் அவற்றைத் தாங்கும் கால்கள், சக்கரம் எல்லாமே வேகத்தைத் தின்னும். அதன் மேல் எடையையும் ஏற்றினால் கம்பி எப்படி விறைப்பாக நிற்கும்? 12 மீட்டர் கம்பி போட்டால் பெரிய வட்டம் கிடைக்குமே என்ற ஆசையும் முதல் விமானத்துக்கு வேண்டாம்.

2. மரம் வாங்கும்போது விரலால் பேசு

ஒரே தடிமன் பால்சாத் தகட்டில் ஒன்று பஞ்சு மாதிரி இருக்கும், இன்னொன்று இரட்டிப்புக் கனமாக இருக்கும். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கி வராதே. இறக்கைக்கு 3 மி.மீ. தகடு, வாலுக்கு 2 மி.மீ., உடம்புக்கு 9 மி.மீ. வாலுக்குத்தான் இருப்பதிலேயே லேசானது. வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் மூன்று நாலு கிராம் ஈயம் வைத்துச் சரிக்கட்ட வேண்டிவரும். நார் ஓட்டம் இறக்கையின் நீளவாக்கில் இருக்கட்டும். குறுக்காக வெட்டினால் அப்பளம் மாதிரி ஒடியும்.

3. இரண்டு இறக்கையும் இரட்டைப் பிள்ளைகள்

இங்கேதான் பொறுமை வேண்டும். மற்ற இடத்தில் அவசரப்பட்டாலும் இங்கே படாதே.

• இரண்டு தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குண்டூசியால் குத்தி, ஒரே வெட்டாக வெட்டு. தனித்தனியாக வெட்டினால் 2 மி.மீ.யாவது வித்தியாசம் வந்தே தீரும்.

• சமையல்கட்டு கிரானைட் மேடைதான் வீட்டிலேயே தட்டையான இடம். அம்மாவிடம் கேட்டு ஒரு ராத்திரிக்கு வாங்கிக்கொள். அடியில் பாலித்தீன் தாள் விரிக்காமல் ஒட்டாதே, மறுநாள் சுரண்ட முடியாது.

• சுவரில் சாய்த்துக் காய வைக்காதே. முறுக்கிக்கொள்ளும். படுக்க வைத்து மேலே புத்தகம் அடுக்கு.

• மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே ஓர் இறக்கை அகலம், அதாவது 10 செ.மீ. இடைவெளி விடு. மேலது 2 செ.மீ. முன்னால் தள்ளி நிற்கட்டும். இதைக் கண்ணால் அளக்காதே. பழைய அட்டைப்பெட்டியிலிருந்து ஒரே அளவில் நாலு அட்டை வெட்டி, இரண்டு இறக்கைக்கும் நடுவே நிறுத்தி வைத்துவிட்டு, அப்புறம் கால்களை ஒட்டு. பசை முழுக்கக் காயும் வரை அட்டையை உருவாதே.

காய்ந்ததும் விமானத்தைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி வால்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிப் பார். இரண்டு இறக்கைகளின் பின்விளிம்பும் நோட்டுப்புத்தகத்தின் இரண்டு கோடு மாதிரி இணையாகத் தெரிய வேண்டும். ஒரு நுனியில் கோடு நெருங்கினால் எங்கோ முறுக்கு இருக்கிறது. இட்லிப் பானை ஆவியில் அந்த இடத்தை லேசாகக் காட்டி, எதிர்ப்பக்கம் திருகிப் பிடித்து, ஆறும் வரை அப்படியே வைத்திரு. பெரும்பாலும் சரியாகும். ஆகாவிட்டால் அந்த இறக்கையை எடுத்துவிட்டு வேறு வெட்டு. மனசு கேட்காதுதான். ஆனால் மேலது ஒரு பக்கமும் கீழது ஒரு பக்கமும் இழுத்தால் எந்த விமானியாலும் சமாளிக்க முடியாது.

நிஜ விமானங்களில் இரண்டு இறக்கையையும் கால்களாலும் கம்பிகளாலும் பெட்டி மாதிரி கட்டியது, மெல்லிய மரத்துக்கும் துணிக்கும் பலம் கொடுக்கத்தான். நம் விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரனும் 1933 ஏப்ரல் 1-ல் வெஸ்ட்லாண்ட் வாப்பிட்டி என்ற இரட்டை இறக்கை விமானத்தோடுதான் கிளம்பியது. உன் குட்டியிலும் அந்தப் பெட்டிக்கட்டு ஒழுங்காக அமைந்தால், லேசாகத் தரை தட்டினாலும் இறக்கைக்கு ஒன்றும் ஆகாது.

4. மேல் இறக்கைக்கு முன்னால் பெல்கிராங்க்

கம்பியின் இழுப்பை எலிவேட்டருக்கு, அதாவது வாலில் மேலும் கீழும் அசைகிற பலகைக்கு, கொண்டு போகிற முக்கோணத் துண்டுதான் பெல்கிராங்க். மேல் இறக்கையை ஒட்டிய பிறகு இது ஞாபகம் வந்தால் விரல் உள்ளே நுழையாது. முதலிலேயே பிளைவுட் துண்டில் திருகாணியால் இறுக்கு. வெறும் பால்சாவில் திருகாதே, மொத்த இழுவையும் அந்த ஒரு திருகாணியில்தான்.

பெல்கிராங்கிலிருந்து வெளியே வருகிற கம்பிகளை, உன் பக்கம் இருக்கும் இடது இறக்கைக் காலில் துளை போட்டு அதன் வழியாக விடு. ஒற்றை இறக்கை விமானத்தில் இறக்கை நுனியிலேயே விடலாம். இதில் எடை மையம் இரண்டு இறக்கைக்கும் நடுவே எங்கோ இருக்கிறது, கம்பியும் அந்த உயரத்தில்தான் வெளியே வர வேண்டும். அதைவிட மேலே வந்தால் விமானம் உன் பக்கமாகச் சாயும், கம்பி தொய்யும். காலில் மேலும் கீழுமாக மூன்று துளை போட்டு வைத்துக்கொண்டால் பிறகு மாற்ற வசதி.

எலிவேட்டர் மேலே 15 டிகிரி, கீழே 15 டிகிரி அசைந்தால் போதும். கூடுதலாக ஆடினால், பெல்கிராங்கை எலிவேட்டரோடு இணைக்கும் புஷ்ராடை எலிவேட்டர் கொம்பின் கடைசித் துளைக்கு மாற்று. தொட்டாலே துள்ளுகிற விமானம் முதல் நாளில் உனக்கு வேண்டாம். அப்புறம், விமானத்தைச் செங்குத்தாகப் பிடித்தால் எலிவேட்டர் தானாகத் தொங்கி விழ வேண்டும். எங்கேயாவது பிடித்தால் அங்கே தேய்த்துச் சரிசெய்.

5. எடை மையம்: இதில் சமாதானமே கிடையாது

நிறையப் பேர் மேல் இறக்கையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். தப்பு. இரண்டு முன்விளிம்புக்கும் நடுப்புள்ளியை எடு. மேலது 2 செ.மீ. முன்னால் இருப்பதால் நடுப்புள்ளி அதற்கு 1 செ.மீ. பின்னால் வரும். அங்கிருந்து இறக்கை அகலத்தில் 15 முதல் 20 சதவீதம், அதாவது ஒன்றரை முதல் 2 செ.மீ. ஆகமொத்தம் மேல் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து இரண்டரை முதல் 3 செ.மீ.க்குள். டேங்க் காலியாக இருக்கும்போது, அந்த இடத்தில் இரண்டு ஆள்காட்டி விரலால் தூக்கிப் பார். மூக்கு ஒரு துளி தாழ்ந்து நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பறக்கவிடவே விடாதே. மூக்கில் ஈயம் ஒட்டு. எடை கூடுகிறதே என்று இங்கே மட்டும் கவலைப்படாதே. மூக்குக் கனத்த விமானம் சோம்பலாகப் பறக்கும், வால் கனத்தது பறக்கவே பறக்காது.

6. வெளிப்பக்கம் பார்க்க வை

• வெளிப்பக்க இறக்கையின் நுனியில் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தின் எடை ஒட்டு. கம்பிகளின் பாரத்துக்கு அது ஈடு.
• என்ஜின் மூக்கு இரண்டு டிகிரி வெளிப்பக்கம்.
• சுக்கான் பின்விளிம்பும் சற்றே வெளிப்பக்கம்.
• கம்பி வெளிவரும் இடம் எடை மையத்துக்கு 1 செ.மீ. பின்னால்.

நாலும் விமானத்தை உன்னைவிட்டு விலகப் பார்க்க வைக்கும். அதுதான் வேண்டும்.

7. பெயின்ட் ஆசை

இரண்டு கோட் போதும். சிவப்பு மேல் மஞ்சள், அதன் மேல் பட்டை என்று போனால் 20 கிராம் ஏறிவிடும். கடைசிப் பூச்சு எரிபொருளுக்குக் கரையாததாக இருக்கட்டும்.

8. என்ஜின், எரிபொருள்

இந்தக் குட்டி என்ஜின்கள் குடிப்பது மெத்தனால், நைட்ரோமீத்தேன், கூடவே விளக்கெண்ணெய். அதற்காக வீட்டு விளக்கெண்ணெயை எடுத்துக் கலக்க உட்காராதே. தயாராகக் கலந்ததையே வாங்கு. மெத்தனால் விஷம், குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதை மன்னிக்கவே முடியாது. பகல் வெளிச்சத்தில் அது எரிவதும் கண்ணுக்குத் தெரியாது. ஈரத்தையும் உறிஞ்சும், மூடியை இறுக்கு.

இந்த ரகத்துக்குப் பற்றவைக்க 1.5 வோல்ட் போதும். கையில் கிடைத்த 12 வோல்ட் பேட்டரியைக் கொடுத்தால் உள்ளேயிருக்கும் சுருள் ஒரு நொடியில் போய்விடும். விசிறியை விரலால் தட்டாதே, என்ஜினில் கிளப்பும் ஸ்பிரிங் இருந்தால் அதைப் பயன்படுத்து, இல்லையென்றால் ரப்பர் குழாய் மாட்டிய குச்சி. ஓட ஆரம்பித்ததும் விசிறிக்குப் பின்னால் வந்து நின்று ஊசித் திருகைத் தொடு. முதலில் கரகரவென்று இருமும். மெதுவாக மூடிக்கொண்டே வா, ஒரே சுருதியில் கீச்சிடும். அங்கிருந்து இம்மி திறந்து விடு. எரிபொருள் கிடைக்காத ஊர் என்றால் சின்ன மின்மோட்டாரும் மூன்று நிமிஷத்தில் நிற்கிற டைமரும் போட்டுக்கொள், அதில் ஒரு குறையும் இல்லை.

9. கைப்பிடி தலைகீழ்

இதை நான் அடிபட்டுக் கற்றேன். கல்லூரி மைதானத்தில் என் முதல் விமானம் தரையை விட்டு அழகாக எழும்பியது. கொஞ்சம் அதிகமாக ஏறுகிறதே என்று கையைத் தாழ்த்தினேன். இன்னும் செங்குத்தாக ஏறியது. பதறி இன்னும் தாழ்த்தினேன். தலைக்கு மேலே வந்தது, கையில் இழுவை சட்டென்று காணாமல் போனது, அந்தக் காலி உணர்வு இன்னும் விரலில் இருக்கிறது. அடுத்த நொடி மூன்று வார உழைப்பு செம்மண்ணில் குத்தி நின்றது. கைப்பிடியைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து கைப்பிடியின் மேல்முனையிலும் அதற்கான கம்பியின் முனையிலும் சிவப்பு நகப்பூச்சு தடவி வைக்கிறேன். நீயும் தடவு. ஒவ்வொரு தடவையும் விடுவதற்கு முன், கையைத் தூக்கி எலிவேட்டர் மேலே போகிறதா என்று பார். விமானத்தைப் பிடித்திருப்பவரிடம் வாய்விட்டுக் கேள்.

இரண்டு கம்பியும் ஒரே நீளம்தானா? எங்காவது மடிந்த தடம் இருக்கிறதா? மடிந்த கம்பியை நேராக்கிப் பயன்படுத்தாதே, அந்த இடத்தில்தான் அறும். விமானத்தை ஒருவர் பிடிக்க, விமான எடையைப்போல் பத்து மடங்கு, அதாவது இரண்டேகால் கிலோ, ஸ்பிரிங் தராசில் இழுத்துப் பார். கைப்பிடியை மணிக்கட்டோடு கயிற்றால் கட்டாமல் விடவே கூடாது.

10. மைதானம்

மின்கம்பி கண்ணில் படுகிற இடத்தில் பறக்கவிடாதே. கையிலிருந்து நீளுவது உலோகக் கம்பி. தாழ்வான ஒயர்தானே, ஓரமாகத்தானே என்று யார் சொன்னாலும் விமானத்தைக் காரிலிருந்து இறக்காதே. வட்டத்துக்கு வெளியே இன்னும் 5 மீட்டர் தள்ளித்தான் மற்றவர்கள் நிற்க வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள தனியாக ஓர் ஆளை வை.

11. விட்ட பிறகு

காற்று விமானத்தின் வால்பக்கமிருந்து வீசும்படி அதை விடு. கால் வட்டத்துக்குள் காற்றே அதை உன்னிடமிருந்து வெளியே தள்ளும், கம்பி தானாக விறைக்கும். எதிர்ப்பக்கம் வரும்போது காற்று அதை உன்னை நோக்கித் தள்ளும். அங்கே விளையாட்டுக் காட்டாதே.

முழங்கையை மடக்காமல் தோளிலிருந்து கையை அசை. மணிக்கட்டை ஆட்டினால் விமானம் தவளை மாதிரி தாவும். தலை சுற்றுமே என்று பயமா? விமானத்தை மட்டும் பார். பின்னால் ஓடுகிற மரத்தையும் சுவரையும் பார்ப்பவர்களுக்குத்தான் சுற்றும். இழுவை குறைகிறது என்று கை சொன்னவுடன் யோசிக்காதே, இரண்டு எட்டு பின்னால் ஓடு, கையை நெஞ்சோடு இழு.

என்ஜின் நின்றதும் இந்த விமானம் ரொம்ப தூரம் மிதக்காது. இறக்கையும் கால்களும் வேகத்தைச் சீக்கிரம் பிடித்துவிடும். அதனால் மூக்கைத் தூக்கி இழுக்காதே. மட்டமாகவே வைத்து, விமானத்துக்கு ஒரு படி முன்னால் நீ நடந்து அதை இழுத்துக்கொண்டே வா, சக்கரத்தில் வந்து அமரும். தலை சுற்றினால் அங்கேயே உட்கார். கைப்பிடியைத் தரையில் போட்டுவிட்டு ஓடாதே, அடுத்தவர் கால் மாட்டும்.

வீட்டுக்கு வந்ததும் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மரம் எண்ணெயைக் குடித்துக் கனத்துவிடும், ஒட்டின இடமும் விடும். கம்பியை முறுக்கில்லாமல் ரீலில் சுற்றி வை. அப்புறம் வா, சாப்பாடு போடுகிறேன்.