மரச்சீனியும் மீனும்: உணவு ஆலோசனை கூறுவோருக்கு ஒரு பாடம்

நோயுற்றோர்க்கும் நலமுடையோர்க்கும் ஏற்ற உணவை ஆராய்ந்து கூறுதல் உணவியல் வல்லுநரின் தொழிலாகும். மருத்துவமனையில் அவர் ஆற்றும் இப்பணியின் ஒரு பகுதியைக் கிராமத்தில் அங்கன்வாடி ஊழியரும் சுகாதார ஊழியரும் பள்ளி ஆசிரியரும் ஆற்றுகின்றனர். "இதை உண்ணுங்கள், அதை விலக்குங்கள்" என்று சொல்லுதல் எளிது. அச்சொல் ஏழைக் குடும்பத்தின் அடுப்பை அடையும்போது என்ன விளையும் என்று முன்னரே எண்ணிப் பார்த்தல் அரிது. தென் திருவிதாங்கூரின் பழகிய உணவு ஒன்றைக் கொண்டு இதனை விளக்குவோம்.

மரச்சீனியின் வரலாறு

நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதியிலுள்ள கொல்லயில் முதலிய எல்லைக் கிராமங்களிலும், 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் சென்னை மாநிலத்துடன் இணைந்த விளவங்கோடு வட்டத்திலும் மரவள்ளிக்கிழங்கை மரச்சீனி என்றே வழங்குவர். தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டு போர்ச்சுகீசியர் வழியாக வந்த இக்கிழங்கின் சாகுபடியைத் திருவிதாங்கூரில் ஊக்குவித்தவர், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஆவார். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரவு நின்றபோது, ஏழை மக்களின் பசியைப் பெரிதும் தணித்தது இக்கிழங்கே.

உணவின் கணக்கு

100 கிராம் மரச்சீனி ஏறத்தாழ 150 கலோரி தரும். அதிலுள்ள புரதம் சுமார் 1 கிராமே. ஆகவே 400 கிராம் கிழங்கு உண்பவர் 600 கலோரியும் 4 கிராம் புரதமும் பெறுகிறார். அதே 600 கலோரியைத் தரும் 175 கிராம் அரிசியிலோ 12 கிராமுக்குக் குறையாத புரதம் உண்டு. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. கிழங்குடன் 100 கிராம் சாளை மீன் சேர்ந்தால் அந்த ஒரு வேளையிலேயே ஏறத்தாழ 20 கிராம் புரதம் கூடுகிறது.

மீனின் பயன் இவ்வளவில் நில்லாது. மரச்சீனியில் லினமாரின் என்னும் பொருள் உண்டு. கிழங்கை வெட்டும்போதும் நசுக்கும்போதும் இதிலிருந்து சயனைடு வெளிப்படும். உடலில் புகுந்த சிறிதளவு சயனைடைத் தீங்கு குறைந்த தயோசயனேட்டாக மாற்றுவதற்குக் கந்தகம் தேவை. அக்கந்தகத்தை நல்ல புரத உணவு அளிக்கிறது. தயோசயனேட்டு மிகுந்தால் அது தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்பதைத் தடுக்கும். ஆதலின் அயோடின் கலந்த உப்பும் தேவையாகிறது. தோலை நீக்கி, சிறு துண்டுகளாக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிடும் வழக்கம் நஞ்சைப் பெரிதும் குறைக்கிறது. அவ்வழக்கத்தை மாற்றச் சொல்லுதல் தகாது.

மூன்று விவாதங்கள்

முதலாவது, புரதமா கலோரியா என்பது. 1950-களிலும் 1960-களிலும் புரதக் குறைவே உலகின் தலையாய உணவுப் பிரச்சினை என்று பல வல்லுநர் கருதினர். ஐதராபாத்தில் ஆராய்ந்த டாக்டர் சி. கோபாலன் வேறு முடிவு கண்டார். தானியமும் பருப்பும் உண்ணும் ஏழைக் குழந்தைக்கு முதற்குறை உணவின் அளவே. வழக்கமான உணவை வயிறார அளித்தால் புரதக் குறையும் பெரும்பாலும் தீரும் என்றார். ஆயினும் இம்முடிவு தானிய உணவுக்கே பொருந்தும். கிழங்கையே முதன்மையாக உண்ணும் குழந்தைக்குக் கிழங்கை மேலும் கொடுப்பதால் புரதக் குறை தீராது. ஓரிடத்தில் சரியான விதி மற்றோரிடத்தில் தவறாகலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

இரண்டாவது, கணையக் கல்லுடன் கூடிய நீரிழிவு. டாக்டர் பி. ஜே. கீவர்கீஸ் இந்நோயைக் கேரளத்தில் விரிவாக ஆராய்ந்தார். மரச்சீனியின் சயனைடே காரணமாகலாம் என்ற கருத்து அப்போது எழுந்தது. பின்னர், மரச்சீனி உண்ணாதவரிடமும் இந்நோய் காணப்பட்டது. நோயாளர் பலரிடம் மரபணு மாறுதலும் கண்டறியப்பட்டது. எனவே இக்கிழங்கை நோயின் தனிக் காரணமாகக் கூற இயலாது.

மூன்றாவது, இன்றைய விவாதம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, நாளின் மொத்தக் கலோரியில் தானியங்களின் பங்கு 45 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்கிறது. 2023-இல் வெளியான ஆய்வொன்று கேரளத்தில் வயது வந்தோருள் சுமார் 25 சதவீதத்தினருக்கு நீரிழிவு உண்டெனக் காட்டியது. 2019-20-ஆம் ஆண்டுக் குடும்ப நல ஆய்வின்படி அம்மாநிலப் பெண்களுள் 36 சதவீதத்தினர் இரத்தசோகை உடையோர். 38 சதவீதத்தினர் மிகை எடையினர். நியாயவிலை அரிசியில் இரும்புச் சத்தைச் சேர்ப்பது போதுமா, பலவகை உணவே வேண்டுமா என்ற வாதமும் நடைபெறுகிறது. குறையும் மிகையும் ஒரே வீட்டில் இருக்கக் கூடுமாதலால், எல்லார்க்கும் ஒரே அறிவுரை பயன்படாது.

அறிவுரைக்கு முன் கேட்க வேண்டுவன

1. மரச்சீனி சோற்றுக்கு மாற்றாக உண்ணப்படுகிறதா, சோற்றுடன் கறியாக உண்ணப்படுகிறதா? நீரிழிவு உடையவர் அதைக் காய்கறியாக எண்ணிச் சோற்றுக்கு மேல் உண்ணலாகாது. கிழங்கு சேர்ந்த அளவுக்குச் சோறு குறைய வேண்டும்.

2. உடன் உண்ணப்படுவது யாது? மீன், முட்டை, பயறு, கடலை ஆகியவற்றுள் ஒன்றேனும் உண்டா, மிளகாய்ச் சம்மந்தி மட்டுமா?

3. அந்த மீனும் முட்டையும் வீட்டில் யாரைச் சேர்கின்றன? கர்ப்பிணியும் சிறு குழந்தையும் கடைசியில் உண்டால், குடும்பத்துக்கு வாங்கிய புரதம் அவர்களுக்குக் கிட்டுவதில்லை.

4. விலக்கச் சொல்லும் உணவுக்கு ஈடாக அதே செலவில் எது கிடைக்கும்? இதற்கு விடை இல்லையேல் விலக்கச் சொல்லுதல் பசியைப் பரிந்துரைப்பதாகும்.

வகுப்பில் செய்யத்தக்கது

மாணவர்கள் முந்தைய நாள் வீட்டில் உண்டவற்றைப் பெயரிடாத தாள்களில் எழுதட்டும். ஆசிரியர் அவற்றைத் தொகுத்து மாவுணவு, புரத உணவு, காய் கீரை என மூன்று நிரல்களாகப் பலகையில் எழுதுக. எந்த நிரல் வெறுமையாயுள்ளது என்பதை மாணவரே கண்டு, அதை நிரப்ப ஊர்ச் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைப்பது எது என்று கூறுவர். எந்த வீட்டு உணவையும் இழிவாகப் பேச இடந்தரலாகாது.