அரசுக்கு எதிராக வழக்காடப்போகும் தம்பிக்கு



வேலணையில் உம்மைத் தேடி வரும் கட்சிக்காரர் ஒரு கடித உறையை மேசையில் வைப்பார். அரச திணைக்களம் அனுப்பியது. முழுக்கச் சிங்களம், தமிழ்ப் பிரதி இல்லை. முதலில் தபால் முத்திரையைப் பாரும். உயர் நீதிமன்றத்தில் மனுப் போட உள்ள ஒரு மாதக் கணக்கு அன்றே தொடங்கியிருக்கலாம்.

பிறகு, மொழிக்காக அரசோடு வழக்காடிய செல்லையா கோடீஸ்வரனின் வழக்கை ஆறுதலாக இருந்து படியும். அவர் அரச எழுதுவினைஞர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்ததால் 1962இல் அவருடைய சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள். தனிச் சிங்களச் சட்டம் சோல்பரி அரசியலமைப்பில் சிறுபான்மையினரைக் காத்த 29ஆம் பிரிவுக்கு முரண் என்று கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்காடி 1964இல் வென்றார். மேன்முறையீட்டில் அரசு வேறொரு வாதத்தையும் எடுத்தது: அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு (அரசுக்கு) எதிராக வழக்குப் போட முடியாது. 1967இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்று, மொழிக் கேள்வியைத் தொடாமலே வழக்கைத் தள்ளியது. 1969இல் லண்டன் கோமறைக் கழகம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. ஆங்கிலச் சட்டத்திலிருந்து வந்த அந்த விதி இலங்கையில் செல்லாது, ஊழியர் வழக்கிடலாம் என்றார் தீர்ப்பை எழுதிய டிப்ளொக் பிரபு. மொழிக் கேள்வி கொழும்புக்கே திரும்பி வந்தது. அது தீர்க்கப்பட முன்னரே 1972 அரசியலமைப்பு வந்து 29ஆம் பிரிவு இல்லாமற் போயிற்று. வழக்கிடும் உரிமையை மற்ற ஊழியர்களுக்கும் வாங்கித் தந்த மனிதருக்குத் தன் கேள்விக்குப் பதில் கிடைக்கவேயில்லை. எத்தனை வருடம் கழிந்தாலும் ஆறாத அநியாயம் அது.

இன்றைய அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை அடிப்படை உரிமையோடு மொழி உரிமையையும் காக்கிறது. அந்தச் சிங்களக் கடிதத்தோடு உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் நிறைவேற்று, நிருவாகச் செயல்களுக்கு எதிராக மட்டும்தான். பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தைக் கேள்வி கேட்க 80(3) உறுப்புரை விடாது. கோடீஸ்வரன் கேட்டதை இன்று கேட்க வழியில்லை. கட்சிக்காரரிடம் இதை மறைக்காதேயும்.

எதிர்மனுதாரராகத் திணைக்களத்தை மட்டும் போடாதேயும். முடிவெடுத்த அதிகாரியையும் பெயரிட்டு, சட்டமா அதிபரையும் சேரும். பதவியில் இருந்தவரைத் தனிப்படவும் பொறுப்பாக்கலாம்: உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் வழக்கில், 2023 ஜனவரி 12இல், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபா நட்டஈடு கட்டவேண்டும் என்று உயர் நீதிமன்றம் பணித்தது.

கொழும்புக்கு உடனே போக வசதியில்லாத தீவகத்தவரும் வருவார்கள். அவர்கள் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டுத் துண்டு மட்டும் காணாது. விசாரணை நடப்பதைக் காட்டும் கடிதங்களையும் ஆணைக்குழுவிடம் கேட்டு வாங்கி மனுவோடு இணையும்.