திருமணத்துக்குப் பிறகும் எம்.ஏ. படிக்கலாம்

கல்லூரி முடித்ததும் திருமணமாகி, படிப்பை நிறுத்திய சகோதரிகள் நமது மறைமலைநகரில் பலர் உண்டு. அவர்கள் வீட்டிலிருந்தபடியே தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. படிக்கலாம். இக்னோவில் இதற்கு வயது வரம்பு இல்லை. இரண்டாண்டுப் படிப்பை நான்கு ஆண்டுகளுக்குள் முடித்தால் போதும். சென்னையிலுள்ள தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் சேரலாம்.

எங்கு சேர்ந்தாலும், பணம் கட்டும் முன் அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. அங்கீகாரம் உள்ளதா என்று அதன் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் பாருங்கள். பல்கலைக்கழகம் பெயர் பெற்றதாக இருந்தாலும், ஒவ்வொரு படிப்புக்கும் தனியே அங்கீகாரம் வேண்டும். கட்டணத்தை இடைத்தரகரிடம் தராமல் பல்கலைக்கழகத்துக்கே நேரடியாகச் செலுத்துங்கள்.

பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலையில் பெற்ற பட்டத்தைத் தமிழக அரசு வேலைக்குப் பொதுவாக ஏற்பதில்லை. அதன்மேல் எம்.ஏ. முடித்தாலும் அந்தக் குறை தீராது. அப்படிப்பட்டவர்கள் முதலில் எங்களிடம் கலந்து பேசுங்கள். சான்றிதழ்களோடு வந்தால் விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்புவோம், இன்ஷா அல்லாஹ்.